நோய் வாசலில் நிற்கிறது, திருப்பி அனுப்பலாம்!

செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர் பக்கத்தில் சூணாம்பேடு என்று ஓர் ஊர் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஊர். சென்னையில் இருந்து சுமார் 100 கிலோ மீட்டர் தூரம்.

2006-ம் ஆண்டு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு வேன் வந்தது. அது தேர்தல் வேன் அல்ல. சினிமா விளம்பர வேனும் அல்ல. அது சர்க்கரை வியாதியைத் தேடி வந்த வேன்!

வேனுக்குள் கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவி இருந்தது. இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி இருந்தது. வேனில் எடுத்த படங்கள் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போயின. அங்கே இருந்த டாக்டர்கள் அவற்றைப் பார்த்தார்கள். சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையை நடத்தியது. டாக்டர் வி.மோகன் அதற்குத் தலைமை வகித்தார். செயற்கைக்கோள் இணைப்பைக் கொடுத்தது, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம். அந்தந்த ஊர் இளைஞர்களே பயிற்சி பெற்று, சோதனைக்கு உதவினார்கள்.

மொத்தம் 42 கிராமங்கள். 23 ஆயிரத்து 380 பேருக்குச் சோதனை நடந்தது. 100 பேரில் 86 பேருக்கு மேல் சோதனைக்கு வந்து விட்டார்கள்.

என்ன தெரிந்தது?

ஆயிரத்து 138 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. இன்னும் 3 ஆயிரத்து 410 பேருக்கு வியாதி வரவில்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவைத் தாண்டி இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நோய் வந்தவர் ஒருவர் என்றால், நோய் வாசலில் நிற்பவர்கள் மூன்று பேர்!

இந்தக் கட்டுரை அந்த மூன்று பேருக்காக. அதில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

ஏரியும் மதகும்

சர்க்கரை வியாதி ஒரே நாளில் வருவது இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே உடம்புக்குள் ஒரு கோளாறு தொடங்கி விடுகிறது. அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர், "இன்சுலின் எதிர்ப்பு".

அது என்ன?

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். மதுராந்தகம் ஏரியைத் தெரியாதவர் யார்? ஏரியில் தண்ணீர் இருக்கிறது. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும். பயிர் விளையும்.

நம் உடம்பும் அப்படித்தான். சோறு, இட்லி, தோசை எல்லாம் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாக மாறுகிறது. அது ரத்தத்தில் சேர்கிறது. ரத்தம்தான் ஏரி. கை, கால் சதைகள்தான் வயல். அந்தச் சர்க்கரை சதைக்குள் போனால்தான் நமக்குத் தெம்பு. மதகைத் திறந்து விடும் ஆள் ஒருவர் வேண்டும் அல்லவா? அந்த ஆள்தான் இன்சுலின். வயிற்றுக்குள், இரைப்பைக்குப் பின்னால், கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது இன்சுலினைச் சுரக்கிறது.

மதகு துருப்பிடித்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓர் ஆள் தூக்கினால் திறக்கவில்லை. இரண்டு ஆள் வருகிறார்கள். பிறகு நான்கு ஆள். எல்லோரும் சேர்ந்து முக்கித் தூக்குகிறார்கள். எப்படியோ தண்ணீர் பாய்கிறது. ஏரியின் மட்டம் ஏறவில்லை. கரையில் நின்று பார்ப்பவர், "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நினைப்பார்.

ஆனால் ஆட்கள் எத்தனை ஆண்டுகள் தாங்குவார்கள்? ஒருநாள் களைத்துப் போகிறார்கள். மதகு திறக்கவில்லை. ஏரி நிரம்பி வழிகிறது.

ஏரி வழிவதுதான் சர்க்கரை வியாதி. மதகு துருப்பிடிப்பதுதான் இன்சுலின் எதிர்ப்பு. அதாவது, உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போவது.

கண்டுபிடித்தது எப்படி?

இன்சுலினைக் கனடா நாட்டில் டொரண்டோ நகரில் 1921-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். "இன்சுலின் சுரக்காததால்தான் சர்க்கரை வியாதி வருகிறது" என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள்.

லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஹிம்ஸ்வொர்த் என்பவருக்குச் சந்தேகம் வந்தது. நோயாளிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். அதே நேரத்தில் இன்சுலின் ஊசியும் போட்டார். சிலருக்குச் சர்க்கரை ஏறாமல் அடங்கியது. வேறு சிலருக்கு ஊசி போட்டும் சர்க்கரை ஏறியது! "சர்க்கரை வியாதி ஒன்று அல்ல, இரண்டு வகை" என்று 1936-ல் அவர் எழுதினார்.

ரத்தத்தில் உள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையை 1960-ல் அமெரிக்காவில் ரோசலின் யாலோ என்ற அம்மையாரும், டாக்டர் பெர்சனும் வெளியிட்டார்கள். அளந்து பார்த்தால் ஆச்சரியம்! நடுத்தர வயதில் சர்க்கரை வியாதி வந்த பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை. நிறையவே இருந்தது. ஆள் இருக்கிறார், மதகுதான் திறக்கவில்லை. யாலோ அம்மையாருக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மதகு ஏன் துருப்பிடிக்கிறது?

முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு. மற்றொன்று, வேலை இல்லாத கை, கால்கள்.

"நான் ஒல்லிதானே, எனக்கு ஏன் வரும்?" என்று சிலர் கேட்பார்கள். நம் நாட்டில் கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளி இருப்பவர்கள் ஏராளம். தொப்பைக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் ஈரலிலும் படியும் கொழுப்புதான் ஆபத்தானது. தராசு காட்டும் எடையை விட, இடுப்பின் சுற்றளவு அதிக உண்மையைச் சொல்லும்.

நம் வாழ்க்கையும் மாறி விட்டது. முன்பு மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். பிறகு பம்பு செட் வந்தது. ஏர் பிடித்த இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. மாமல்லபுரம் கடற்கரையில் கட்டுமரத்தில் துடுப்புப் போட்டார்கள். இப்போது படகில் எஞ்சின் இருக்கிறது. கல்லைக் குடைய மிஷின் இருக்கிறது. மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கஷ்டம் குறைந்தது நல்லதுதான். யாரும் மறுபடி கவலை இறைக்க வேண்டாம். ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறைந்ததா? இல்லை! அதோடு இனிப்பு டீயும், பாட்டில் பானமும், பஜ்ஜியும் சேர்ந்து கொண்டன.

பரம்பரையும் ஒரு காரணம். அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

அழுக்கு அல்ல, அறிகுறி!

இந்தக் கோளாறில் வலி இல்லை. காய்ச்சல் இல்லை. ஆனாலும் உடம்பு சில அடையாளங்களைக் காட்டும்.

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். பெண்ணுக்கு 17 வயது. கழுத்தின் பின்பக்கம் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது.

"ஏண்டி, கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று தாய் திட்டுகிறாள்.

"தினமும் தேய்க்கிறேம்மா. போக மாட்டேங்குது" என்று பெண் அழுகிறாள்.

தாய்மார்களே! அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். அது அழுக்கு அல்ல. பீர்க்கங்காய் நார் கொண்டு தேய்த்தாலும் போகாது. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாகச் சுற்றும்போது தோல் இப்படித் தடித்துக் கறுக்கிறது. அக்குளிலும் வரலாம். கழுத்தில் சின்னச் சின்ன மருக்களும் தொங்கலாம். தோல் கறுக்க வேறு காரணங்களும் உண்டு. ஆகவே பயப்பட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள், சோதனை செய்யுங்கள்.

மற்ற அடையாளங்கள்:

* தொப்பை.

* ரத்தக் கொதிப்பு.

* பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவது. முகத்தில் முடி வளர்வது.

* கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை ஏறி, பிரசவத்துக்குப் பிறகு இறங்கியது.

* ஸ்கேன் எடுத்தபோது, "ஈரலில் கொழுப்பு" என்று சொன்னது.

* ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150-க்கு மேல் இருப்பது.

ஒரு டேப் போதும்!

உங்களுக்கு ஆபத்து இருக்கிறதா? வீட்டிலேயே பார்க்கலாம். தையல்காரர் டேப் ஒன்று போதும். சென்னையில் இதே நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் 2005-ல் ஒரு மார்க் கணக்கை வெளியிட்டது. இது பரீட்சை மார்க் அல்ல. குறைவாக வாங்கினால்தான் நல்லது!

வயது: 35-க்குக் கீழே என்றால் 0. 35 முதல் 49 வரை 20. 50-ம் அதற்கு மேலும் 30.

இடுப்பு: ஆண்களுக்கு 90 சென்டி மீட்டருக்குக் கீழே 0; 90 முதல் 99 வரை 10; 100-ம் அதற்கு மேலும் 20. பெண்களுக்கு 80-க்குக் கீழே 0. 80 முதல் 89 வரை 10. 90-ம் அதற்கு மேலும் 20.

உழைப்பு: தினசரி உடற்பயிற்சியும் உண்டு, கடினமான வேலையும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30.

பெற்றோர்: இருவருக்கும் சர்க்கரை வியாதி இல்லை என்றால் 0. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20.

கூட்டிப் பாருங்கள். 60-ம் அதற்கு மேலும் வந்தால், ஆபத்து அதிகம். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழே குறைவு.

இடுப்பை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை மெல்ல வெளியே விட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக் கொண்டு அளந்தால், ஏமாறுவது நீங்கள்தான்!

அந்தப் பெண்ணின் தந்தையைப் பார்ப்போம். வயது 42. வேன் ஓட்டுகிறார். இடுப்பு 96 சென்டி மீட்டர். உடற்பயிற்சி இல்லை. அவருடைய தாய்க்குச் சர்க்கரை வியாதி. மார்க் என்ன? 20, 10, 30, 10. ஆக மொத்தம் 70. ஆபத்து அதிகம்!

வயதைக் குறைக்க முடியுமா? முடியாது. தாயை மாற்ற முடியுமா? முடியாது. ஆனால் அவர் தினமும் நடந்து, இடுப்பையும் 90-க்குக் கீழே கொண்டு வந்தால்? 20, 0, 20, 10. மொத்தம் 50. நம் கையில் இருப்பது எது என்று இப்போது புரிகிறது அல்லவா?

இந்தக் கணக்கு பெரியவர்களுக்கு. 17 வயதுப் பெண்ணுக்கு இதை நம்பி இருக்காதீர்கள். அவளை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

ரத்தச் சோதனை

மார்க் அதிகமாக வந்தால் ரத்தச் சோதனை அவசியம். சோதனை மூன்று விதம்.

முதல் சோதனை, வெறும் வயிற்றில். இரவு சாப்பிட்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் எடுப்பது. 100-க்குக் கீழே நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி.

இரண்டாவது சோதனை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து எடுப்பது. 140-க்குக் கீழே நல்லது. 140 முதல் 199 வரை எச்சரிக்கை. 200-ம் அதற்கு மேலும் வியாதி. வெறும் வயிற்றில் சரியாக இருக்கும் சிலர் இந்தச் சோதனையில் அகப்பட்டுக் கொள்வார்கள்.

மூன்றாவது சோதனை, "எச்.பி.ஏ.1.சி." இது ஏறக்குறைய 3 மாதச் சராசரியைச் சொல்லும். 5.7-க்குக் கீழே நல்லது. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5-ம் அதற்கு மேலும் வியாதி. ரத்த சோகை உள்ளவர்களுக்கு இந்த எண் தவறாகக் காட்டக் கூடும். அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி விடுங்கள்.

தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற தொல்லை இல்லாதவர்களுக்கு, ஒரே ஒரு சோதனையை வைத்து வியாதி என்று முடிவு கட்டக் கூடாது. மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள்.

"இன்சுலினையே அளந்து பார்த்தால் என்ன?" என்று கேட்கலாம். அந்தச் சோதனையும் இருக்கிறது. செலவு அதிகம். எந்த அளவுக்கு மேல் கோளாறு என்பதில் எல்லோரும் ஒப்புக் கொண்ட ஒரே எண் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு டேப்பும், மேலே சொன்ன சோதனையுமே போதும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைச் சோதனைக்குப் பணம் இல்லை. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சுகாதார ஊழியர்கள் வீடு தேடி வந்தும் சோதித்தார்கள்.

திருப்பி அனுப்ப முடியுமா?

முடியும்! இதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது.

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எச்சரிக்கை நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் சாதாரண நடுத்தரக் குடும்பத்தவர்கள். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடும் தினமும் அரை மணி நடையும். மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை. நான்காவது பிரிவுக்கு நடை, உணவு, மாத்திரை எல்லாம்.

முடிவு 2006-ல் வெளிவந்தது. 3 ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்து விட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை!

இன்னொரு ஆச்சரியம். நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. "ஒரு மாதம் நடந்தேன், எடை குறையவில்லை" என்று நடையை விட்டு விடாதீர்கள். தராசுக்குத் தெரியாத நன்மை ரத்தத்தில் நடக்கிறது.

அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2002-ல் வந்தது. எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் நடப்பது, இவைதான் குறிக்கோள். வியாதி வருவது பாதிக்கு மேல் குறைந்தது.

என்ன செய்ய வேண்டும்?

நடங்கள். தினமும் 30 நிமிடம். ஏரிக்கரை இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, காசு வேண்டாம். சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடந்தாலும் நல்லது. கால் சதை வேலை செய்யும்போது, இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். மதகு துருப்பிடித்த ஏரிக்கு, இது பக்கத்திலேயே ஒரு புது வாய்க்கால் வெட்டிய மாதிரி! வயலில் உழைப்பவர்களுக்கு வேறு பயிற்சி தேவை இல்லை. உழைப்பை விடாமல் இருந்தால் போதும்.

சதையை வளருங்கள். வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணம் போடலாம். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் 10 தடவை எழுந்து உட்காரலாம்.

தட்டை மாற்றுங்கள். சோற்றை விட்டு விட வேண்டாம். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும். கால் தட்டுக்குப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் தட்டுக்குச் சோறு. மத்தி, நெத்திலி நம் கரையில் கிடைக்கின்றன. பொரிப்பதை விடக் குழம்பு நல்லது. கேழ்வரகு நல்லதுதான். ஆனால் கூழாகக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும். அளவு வேண்டும்.

குடிப்பதைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 4 டீ, ஒவ்வொன்றுக்கும் 2 கரண்டி சர்க்கரை என்றால், மாதத்துக்கு 240 கரண்டி! கரும்புச் சாறு, பாட்டில் பானம், பழச்சாறு எல்லாம் அப்படியே. பழச்சாற்றை விடப் பழம் மேல்.

தூங்குங்கள். ஒரு நாளைக்கு 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்டாலும் மதகு துருப்பிடிக்கும். பீடி, சிகரெட்டை விடுங்கள்.

ஏமாறாதீர்கள்

"ஒரே வாரத்தில் சர்க்கரை ஓடி விடும்" என்று யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள். துரு ஒரு வாரத்தில் பிடித்தது அல்ல. ஒரு வாரத்தில் போகவும் போகாது.

வியாதி வந்து விட்டவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிட்டுக் கொண்டு பட்டினி கிடந்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். பிரிட்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், வியாதி வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள், டாக்டர்களின் மேற்பார்வையில் எடையை நன்றாகக் குறைத்தார்கள். ஓர் ஆண்டில் 100-க்கு 46 பேருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை வியாதி அளவுக்குக் கீழே இறங்கியது. 2017-ல் இந்தச் செய்தி வந்தது. ஆகவே அவர்களும் மனம் தளர வேண்டாம். ஆனால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அந்த மூன்று பேர்

சூணாம்பேட்டில் நோய் கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். "எச்.பி.ஏ.1.சி." சராசரி 9.3-ல் இருந்து ஓர் ஆண்டில் 8.5 ஆக இறங்கியது. அவர்களில் 100-க்கு 5 பேரைக் கூடச் சென்னைக்கு அனுப்ப வேண்டி இருக்கவில்லை. ஊரிலேயே பார்த்துக் கொள்ள முடிந்தது.

நோய் வந்தவர்களுக்கே இது முடிந்தது. வாசலில் நிற்கும் அந்த மூன்று பேருக்கு இன்னும் எளிது. இந்தியா முழுவதும் அப்படி வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று 2023-ல் வெளியான கணக்கு கூறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும். வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். டேப்பை எடுங்கள். தாத்தா முதல் மருமகள் வரை இடுப்பை அளந்து, மார்க்கைக் கூட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்குப் பிள்ளைகள் உதவட்டும். 60-ம் அதற்கு மேலும் வந்தவர் மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு சோதனைக்குப் புறப்படட்டும்.

பெண்ணின் கழுத்து கறுத்து இருந்தால், நாரைக் கீழே போடுங்கள். அவள் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாயங்காலம் அவளோடு சேர்ந்து அரை மணி நடங்கள்.